முதல் சைக்கிளோகிராஸ் பந்தயம்: பதிவு செய்வதில் இருந்து சேற்றைக் கழுவுவது வரை

என் முதல் பந்தயத்தில் யாரோ எடுத்த போட்டோவை ஊருக்கு அனுப்பியிருந்தேன். முழங்கால் வரை சேறு, வலது தோளில் சைக்கிள், வாயைப் பிளந்துகொண்டு ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறேன். அப்பா போனில் கேட்டார்: "அவ்வளவு காசு குடுத்து வாங்கினது ஓட்டறதுக்கா, சுமக்கறதுக்கா?"

இரண்டுக்கும்தான். சைக்கிளோகிராஸ் என்பது குளிர்காலத்தில், பூங்காக்களிலும் வயல்வெளிகளிலும் நடக்கும் சைக்கிள் பந்தயம். புல்தரை, சகதி, மணல், மரவேர், சில இடங்களில் படிக்கட்டு என்று எல்லாம் கலந்த ஒரு சுற்றுப்பாதையை நாடா கட்டிப் பிரித்திருப்பார்கள். சர்வதேசப் பந்தயங்களில் ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர். அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். தூரம் முன்கூட்டியே முடிவாவதில்லை, நேரம்தான் கணக்கு. உச்சப் பிரிவு ஆண்களுக்குச் சுமார் 60 நிமிடம், பெண்களுக்குச் சுமார் 50. உள்ளூர்ப் பந்தயங்களில் வயதுப் பிரிவைப் பொறுத்து 40 நிமிடத்திலும் முடிந்துவிடும். ஓட்டவே முடியாத இடங்களில் இறங்கி, தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி ஏற வேண்டும்.

தெற்கு இங்கிலாந்தில் ஆறு சீசன் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட முதல் இருபதுக்குள் வந்ததில்லை. அதனால் ஜெயிப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். முதல் பந்தயத்தைச் சிதறாமல் முடிப்பது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியும். அதில் பாதி ஒரே வரியில் அடங்கும்: இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் சேற்றோடு மல்லுக்கட்டுகிறவர்தான் இந்தப் பந்தயத்தில் நேரத்தைத் தொலைக்கிறார். மிச்சப் பாதிதான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த இடம் பிரான்ஸ். டேனியல் கூஸோ என்ற ராணுவ வீரர் நண்பர்களோடு குதிரைகளுக்குப் பக்கத்தில் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டியதில் ஆரம்பித்தது என்பார்கள். 1902இல் அங்கே முதல் தேசியப் போட்டி நடந்தது. 1910இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சாலைப் பந்தயத்தை வென்ற ஒக்டாவ் லபீஸ், குளிர்காலத்தில் இதை ஓட்டியதுதான் தனக்குக் கைகொடுத்தது என்று சொன்ன பிறகு மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. ஜெயித்தவர் ழான் ரோபிக். அவரும் 1947இல் டூரை வென்றவர்தான்.

பிறந்தது பிரான்ஸ் என்றாலும் வளர்ந்த வீடு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ். அங்கே மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஒரு கையில் உருளைக்கிழங்கு வறுவலும் மறு கையில் பியருமாக மழையில் நின்று பார்க்கிறார்கள். ஊர்த் திருவிழாவில் தேர் பார்ப்பது மாதிரி. அந்த ஊர் எரிக் டி விளாமிங்க் ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். 2025இல் நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் அந்த ஏழு என்ற எண்ணிக்கையைத் தொட்டார். மத்தியூவின் அப்பா அட்ரியும் 1996இல் உலக சாம்பியன். பெண்களுக்கான உலகப் போட்டி 2000இல்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த மரியான் வோஸ் எட்டு முறை ஜெயித்துவிட்டார். இந்தப் பெயர்களை யூடியூபில் தேடி ஒரு முழுப் பந்தயம் பாருங்கள். அவர்கள் மிதிப்பதை விட, எங்கே இறங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

படி 1: பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பது

இங்கிலாந்தில் சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை ஓடும். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு லீக் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு கிளப் ஏற்று நடத்தும். பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பின் இணையதளத்தில் நாள்காட்டி இருக்கும், பெரும்பாலான பந்தயங்களுக்குப் பதிவும் அங்கேதான். ஆண்டு உரிமம் இல்லாவிட்டால் ஒரு நாள் உரிமம் போதுமா என்பதைப் பந்தயப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பதிவு திறந்ததும் சீக்கிரம் போட்டுவிடுங்கள். சில லீக்குகளில் இடம் வேகமாகத் தீர்ந்துவிடும்.

முதல் பந்தயத்துக்கு செப்டம்பர், அக்டோபர் நல்லது. தரை காய்ந்திருக்கும், குளிரும் அவ்வளவு இருக்காது. நான் ரோஷத்தில் நவம்பர் கடைசியில் ஆரம்பித்தேன். அப்பாவுக்குப் போன போட்டோ அதன் விளைவு.

காலையில் குழந்தைகள் பந்தயம், அப்புறம் பெண்களும் நாற்பது தாண்டியவர்களும், மதியத்துக்கு மேல் சீனியர்கள். வரிசை லீக்குக்கு லீக் மாறும். நாற்பது தாண்டியவர்களை 'வெட்டரன்' என்பார்கள். பேரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். அறுபது வயதுக்காரர் ஒருவர் என்னைச் சேற்றில் தாண்டிப் போகும்போது "சாரி தம்பி" என்கிற தொனியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

படி 2: சைக்கிளும் டயரும்

முதல் பந்தயத்துக்குப் புது சைக்கிள் வாங்காதீர்கள். உள்ளூர் லீக்குகளில் பெரும்பாலும் மவுண்டன் பைக்கை விடுவார்கள், மண்பாதைக்கென்று செய்த கிராவல் பைக் இருந்தால் இன்னும் நல்லது. பதிவு செய்யும்போது லீக் விதிகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சைக்கிளோகிராஸுக்கென்று செய்த சைக்கிள் பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும், வளைந்த ஹேண்டில்பாரோடு. சேறு அடைக்காமல் இருக்க, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி அதிகம். டயரில் கட்டை கட்டையாகப் பற்கள். சர்வதேச விதிப்படி டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அங்கே அதிகாரிகள் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளூரில் யாரும் உங்கள் டயரை அளக்கப் போவதில்லை.

தண்ணீர் பாட்டில் மாட்டும் கூட்டைக் கழற்றிவிடுங்கள். 40 நிமிடத்தில் குடிக்க நேரமும் இருக்காது, கையும் இருக்காது. அந்தக் கூடு இருந்தால் தோளில் தூக்கும்போது கையை விட இடம் போதாது.

இனி காற்று. இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாமல் நேரம் செலவழியுங்கள். ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு டயரைக் கட்டையில் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அதே பழக்கத்தில் என் முதல் பந்தயத்துக்கு 45 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று அடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேரிலும் சைக்கிள் தவளை மாதிரி துள்ளியது. ஈரப் புல்லில் திரும்பினால் முன்சக்கரம் தன் வழியில் போனது, நான் என் வழியில் போனேன்.

டியூப் இல்லாத டயர், உடல் எடை 70, 75 கிலோ என்றால் 22 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை வைத்து ஆரம்பியுங்கள். டியூப் போட்டிருந்தால் 30க்குக் கீழே போகாதீர்கள். கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். சாதாரண பம்பில் இருக்கும் மீட்டர் இவ்வளவு குறைந்த காற்றில் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்த்துச் சரிசெய்வது இப்படி. கொஞ்சம் கூடுதலாகவே அடித்துக்கொண்டு பாதையை ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு வால்வை ஒரு நொடி அழுத்தி விடுங்கள், 'புஸ்' என்று ஒரே ஒரு மூச்சு. மறுபடி ஓட்டுங்கள். திருப்பத்தில் டயர் தரையைப் பிடிக்கிற உணர்வு வரும் வரை இப்படிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு சுற்றில் ஒரு தடவை, இரண்டு தடவை ரிம் வேரில் 'டக்' என்று லேசாகத் தட்டினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அதற்கு மேல் தட்டினால் இரண்டு பம்பு அடியுங்கள்.

படி 3: இறங்க, தூக்க, ஏறக் கற்பது

இங்கேதான் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. சின்ன வயதில் ஊரில் பால்காரர் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது காலைப் பின்னால் சுழற்றி, கேரியருக்கு மேலே எடுத்து, இடது பெடலில் ஒற்றைக் காலில் நின்றபடி வீட்டு வாசல் வரை வந்து, அப்படியே நடந்து இறங்குவார். வேட்டி கட்டிய பெரியவர்கள் பலர் அப்படித்தான் இறங்குவார்கள். சைக்கிளோகிராஸில் இறங்குவதும் அச்சு அசலாக அதுதான். இங்கே பயிற்சி வகுப்பில் எல்லாரும் ஒரு மணி நேரம் தடுமாறிய விஷயம் எனக்கு இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. குரங்குப் பெடல் காலத்துக்கு நன்றி.

பிரித்துச் சொல்கிறேன். தடைக்குப் பதினைந்து அடி முன்பே கியரை இறக்கிவிடுங்கள், ஏறும்போது தேவைப்படும் கியருக்கு. வலது காலை க்ளீட்டில் (ஷூவின் அடியில் இருந்து பெடலோடு பூட்டிக்கொள்ளும் கட்டை) இருந்து விடுவித்து, சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடது பக்கம் கொண்டு வாருங்கள். இப்போது இடது பெடலில் நிற்கிறீர்கள். வலது கை ஹேண்டில்பாரை விட்டு நடுக்கம்பியை, அதாவது 'பாரை'ப் பிடிக்க வேண்டும். இடது கை பிரேக் மேல் இருக்கும். இங்கிலாந்து சைக்கிள்களில் இடது பிரேக் பின்சக்கரத்துக்கு, நம் ஊரைப் போலவே. அதனால் பதற்றத்தில் அழுத்தினாலும் குப்புற விழ மாட்டீர்கள். பெல்ஜியத்தில் வாங்கிய சைக்கிளாக இருந்தால் பெரும்பாலும் அது தலைகீழாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தான் விழவைக்கும் இடம்: இடது க்ளீட். பால்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் செருப்பு பெடலில் மாட்டிக்கொள்வதில்லை. வலது கால் தரையைத் தொடும் நொடியில் இடது கால் இன்னும் பெடலில் பூட்டியிருந்தால் சைக்கிளும் நீங்களும் ஒன்றாகச் சாய்வீர்கள். ஆரம்பத்தில் இடது க்ளீட்டை முன்கூட்டியே விடுவித்து, பாதத்தின் நடுப்பகுதியைப் பெடல் மேல் சும்மா வைத்து நில்லுங்கள். அப்புறம் வலது காலை இடது காலுக்குப் பின்னால் தரையில் வைத்து ஓட ஆரம்பியுங்கள். டிவியில் வருகிறவர்கள் வலது காலை இடது காலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே நுழைத்து இறங்குவார்கள். பார்க்க அழகு. உங்களுக்கு வேண்டாம், இந்த வருஷம் வேண்டாம்.

தூக்குவதில் இரண்டு விதம். பலகைத் தடைகள் சர்வதேச விதிப்படி அதிகபட்சம் 40 செ.மீ. உயரம், நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு. இவற்றுக்கு நடுக்கம்பியைப் பிடித்து சூட்கேஸ் மாதிரி தூக்கினால் போதும், முழங்கால் உயரத்துக்கு. பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள், இல்லாவிட்டால் பெடல் முழங்காலில் அடிக்கும். நீண்ட மேடு, படிக்கட்டு, ஆழமான சேறு என்றால் தோளுக்குப் போக வேண்டும். வலது கையால் கீழ்க்கம்பியைப் பிடித்துத் தூக்கி, நடுக்கம்பி தோளில் உட்கார்ந்ததும், அதே கையை கீழ்க்கம்பிக்கு அடியில் விட்டு முன்னால் கொண்டுபோய் ஹேண்டில்பாரின் இடது வளைவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கை வீசி ஓடக் காலியாக இருக்கும். கம்பி கழுத்தில் உட்கார்ந்தால் மறுநாள் தலையைத் திருப்ப முடியாது. நான் திருப்ப முடியாமல் ஒரு வாரம் ஆபீஸில் உடம்போடு சேர்த்துத் திரும்பினேன்.

ஏறுவதில்தான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். நாம் பெடலில் ஒரு காலை வைத்து, மறு காலால் தத்தித் தத்தித் தள்ளிக்கொண்டு ஏறுவோம். இங்கே தத்தக் கூடாது. தத்தினால் வேகம் செத்துப்போகும். இரண்டு கையும் ஹேண்டில்பாரில், ஓடுகிற ஓட்டத்தில் இடது காலை உந்தி, வலது தொடையின் உட்பக்கம் சீட்டில் படும்படி தாவ வேண்டும். பட்டதும் வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்துவிடுவீர்கள். மேலே குதிப்பதில்லை, முன்னால் தாவுவது. சீட் மேல் நேராக உட்காரக் குதித்தால் என்ன ஆகும் என்பதை ஆண் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

புல்தரையில், நடை வேகத்தில், வாரம் இரண்டு நாள் இருபது நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள். இறங்க, நாலு எட்டு, ஏற. மூன்று வாரத்தில் உடம்பு தானாகவே செய்யும். இதற்கு மேல் உடற்பயிற்சி என்று பார்த்தால், வாரம் ஒரு நாள் மூச்சு முட்டும் வேகத்தில் ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் ஓய்வு, மூன்று நாலு தடவை. கொஞ்சம் மெதுவோட்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள்காரர்களுக்கு ஓடத் தெரியாது, முதல் பந்தயம் முடிந்த மறுநாள் கெண்டைக்கால் அதைச் சொல்லும்.

படி 4: பந்தய நாள் காலை

முந்தின இரவே பையைக் கட்டிவிடுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ், மாற்று உடை முழுசெட், துண்டு, சேற்றுத் துணியைப் போட ஒரு பெரிய குப்பைப் பை, பத்து லிட்டர் கேனில் தண்ணீர், ஒரு பழைய பிரஷ், சேஃப்டி பின். பின் அங்கேயும் கொடுப்பார்கள், ஆனால் தீர்ந்துவிடும். பந்தயத்துக்குக் கோட்டு வேண்டாம். முழுக்கை ஜெர்சியும் கையுறையும் போதும். நிற்கும்போது குளிரும், இரண்டாவது நிமிடத்தில் வேர்க்கும்.

பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கையெழுத்துப் போட்டு எண் அட்டை வாங்க வேண்டும். பல இடங்களில் சுற்று நேரத்தைப் பதிவு செய்ய, கணுக்காலில் கட்ட ஒரு சிப் தருவார்கள். இடது காலா வலது காலா, எண்ணை எந்தப் பக்கம் குத்துவது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை சிப்பைக் காரிலேயே வைத்துவிட்டு ஓட்டினேன். முடிவுப் பட்டியலில் நான் பந்தயத்துக்கே வரவில்லை.

இரண்டு பந்தயங்களுக்கு நடுவே பாதையைத் திறந்து விடுவார்கள். குறைந்தது இரண்டு சுற்று ஓட்டிப் பாருங்கள். முதல் சுற்று மெதுவாக, நின்று நின்று. ஒவ்வொரு மோசமான இடத்திலும் உங்களையே கேளுங்கள்: இதை ஓட்டப் போகிறேனா, இறங்கி ஓடப் போகிறேனா? சந்தேகமாக இருந்தால் இறங்குவது என்று முடிவு செய்து, எந்த மரத்துக்கு முன்னால் இறங்குவது என்பது வரை குறித்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கு நடுவில் இதயம் காதில் அடிக்கும்போது யோசிக்க வராது. எனக்கு வந்ததே இல்லை. பாதி மேட்டில் சக்கரம் சுழன்று நின்ற பிறகு இறங்கினால், வேகமும் போய், பின்னால் வந்தவர் வழியையும் மறித்து, செங்குத்தான சேற்றில் நின்றபடி சைக்கிளைத் தூக்க வேண்டியிருக்கும். மேடு தொடங்கும் முன்பே வேகத்தோடு இறங்கியவர் அதற்குள் உச்சியில் சைக்கிள் ஏறியிருப்பார்.

படி 5: தொடக்கம்

வரிசையில் இடம், முந்தைய பந்தயங்களில் எடுத்த புள்ளிகளைப் பொறுத்துக் கொடுப்பார்கள். புதியவருக்குப் புள்ளி இல்லை, ஆகவே கடைசி வரிசை. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை, முதல் பந்தயத்துக்கு அதுதான் பத்திரமான இடம்.

விசில் ஊதியதும் எல்லாரும் தீப்பிடித்த மாதிரி பாய்வார்கள். காரணம் உண்டு. முதல் திருப்பத்தில் பாதை சுருங்கும், முன்னால் போனவர் ஓட்டிக்கொண்டே போவார், பின்னால் இருப்பவர் நெரிசலில் நிற்க வேண்டிவரும். பேருந்து நிலையத்தில் ஒரே கதவு திறந்த கதைதான். கடைசி வரிசையில் இருக்கும் நீங்கள் எப்படிப் பாய்ந்தாலும் அந்த நெரிசலில் நிற்கத்தான் போகிறீர்கள். அதனால் உங்கள் மூச்சைச் சேமித்துக்கொள்ளுங்கள். நெரிசலில் காலை ஊன்றி நிற்காமல், இறங்கி ஓரமாக ஓடுங்கள். எட்டுப் பத்துப் பேரைச் சும்மாவே தாண்டிவிடலாம். என் ஆறு சீசனில் மிதித்துத் தாண்டியவர்களை விட அப்படி நடந்து தாண்டியவர்களே அதிகம்.

படி 6: சுற்றுகள்

முதல் சுற்றில் உற்சாகம் ஓட்டும், இரண்டாவதில் மானம் ஓட்டும். மூன்றாவதில் தொண்டையில் இரும்புத்துண்டைச் சப்பிய மாதிரி ஒரு ருசி வரும். பயப்பட வேண்டாம், குளிர்காற்றை அவ்வளவு வேகமாக இழுத்தால் எல்லாருக்கும் வருவதுதான். பந்தயம் முடிந்து சிறிது நேரம் வறட்டு இருமலும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பக்கவாட்டுச் சரிவுதான் பழகாதவர்களை அதிகம் வழுக்கிவிடும். அகலமான வரப்பின் சரிந்த விளிம்பில் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே நுழையுங்கள், எப்படியும் கீழே இழுக்கும். எடை முழுவதும் பள்ளத்துப் பக்கக் காலில். மேட்டுப் பக்கக் காலை க்ளீட்டில் இருந்து விடுவித்துத் துடுப்பு மாதிரி தயாராக வைத்திருக்கலாம். பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். கண் போகிற இடத்துக்கே சைக்கிள் போகும், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான்.

மணலுக்குக் கனமான கியர். கீழே அழுத்தி, உடம்பைப் பின்னால் தள்ளி, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, முன்னே போனவர் போட்ட தடத்திலேயே மிதித்துக்கொண்டே இருங்கள். திருப்ப முயன்றால் முன்சக்கரம் புதைந்துவிடும். பெல்ஜியத்தில் கொக்ஸைட மணல்மேடுகளும் ஸொன்ஹோவன் மணல்குழியும் இதற்காகவே பேர்போனவை. உலக சாம்பியன்களே அங்கே பாதித் தூரம் ஓடுகிறார்கள். நாம் ஓடினால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சேற்றில் இரண்டு வகை. தண்ணீராக ஓடும் சகதியை ஓட்டிவிடலாம், அது தானே வழிந்துவிடும். பிசுபிசுவென்று ஒட்டும் களிமண்ணும் புல்லும் கலந்ததுதான் எமன். அது பிரேக்கிலும் ஃபோர்க்கிலும் அடைத்து, சக்கரம் சுழலாமலே போய்விடும். அந்த மாதிரி நாளில் நாடாவை ஒட்டிய ஓரத்தில் மிதிபடாத புல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டு போனால் சேறு சேர்ந்துகொண்டே போகும், தூக்கினால் சேராது. பெரிய வீரர்களுக்கு ஓரத்தில் 'பிட்' என்ற இடத்தில் இரண்டாவது சைக்கிள் கழுவித் துடைத்துக் காத்திருக்கும். சேறு மோசமானால் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை மாற்றுவார்கள். நமக்கு அங்கே ஒரு மாற்றுச் சக்கரம் வைத்தாலே பெரிய விஷயம். பஞ்சர் ஆனால் அதுவரை ஓட வேண்டும். சைக்கிளை அந்த இடத்தில் மட்டும்தான் மாற்றலாம்.

நடுவில் முன்னணி வீரர் உங்களை ஒரு சுற்று முந்துவார். பின்னால் இருந்து "லெஃப்ட்", "ரைட்" என்று குரல் வரும், அந்தப் பக்கமாக அவர் வருகிறார் என்று அர்த்தம். பதறி நாடாவுக்குள் பாயாதீர்கள். போகிற கோட்டிலேயே நேராகப் போங்கள், அவர் பார்த்துக்கொள்வார். உலகக் கோப்பை மாதிரிப் பெரிய பந்தயங்களில் ரொம்பப் பின்தங்கியவர்களைப் பாதியிலேயே வெளியேற்றுவார்கள். உள்ளூரில் கடைசி வரை விடுவார்கள்.

இது தெரியாமல் முதல் பந்தயத்தில் நான் அவமானப்பட்டுக்கொண்டிருந்தேன், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்று. நாலாவது சுற்றில்தான் கவனித்தேன். எனக்கு முன்னால் மஞ்சள் ஜெர்சியில் ஒருவர், பின்னால் மூச்சிரைக்கும் ஒருவர். பலகைத் தடையில் நான் மஞ்சளை நெருங்குவேன், நேர்ப்பாதையில் அவர் விலகுவார், மேட்டில் பின்னால் இருப்பவர் இருவரையும் பிடிப்பார். ஐம்பத்தெட்டாவது இடத்துக்காக மூன்று பேர் அப்படி உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பார்வையாளர்கள் எங்களுக்கும் மாட்டுமணி ஆட்டினார்கள்.

படி 7: மணி அடித்த பிறகு

மொத்தம் எத்தனை சுற்று என்பதை முதல் இரண்டு சுற்றுகளின் நேரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். முடிவுக்கோட்டுப் பலகையில் மீதிச் சுற்று எண் தெரியும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும். உள்ளூர்ப் பந்தயத்தில் ஜெயித்தவர் கோட்டைத் தாண்டிய பிறகு, நீங்கள் அடுத்து கோட்டுக்கு வரும்போது உங்கள் பந்தயமும் முடிந்தது. அவர் ஏழு சுற்று, நீங்கள் ஐந்து என்று இருக்கலாம். ஒரு சின்னத் தந்திரம்: முன்னணி வீரர் பின்னாலேயே வருவது தெரிந்தால், கோட்டுக்குச் சற்று முன் அவரை முந்த விட்டால் ஒரு சுற்று மிச்சம். இதைச் செய்வதில் தவறில்லை. நான் செய்திருக்கிறேன்.

முடிந்ததும் உட்காராதீர்கள். ஈர உடையோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நடுக்கம் எடுக்கும். முதலில் மாற்றுடை, அப்புறம் தேநீர், அப்புறம் போட்டோ.

சைக்கிளை அன்றே கழுவிவிடுங்கள். காய்ந்த களிமண் ஓடு மாதிரி ஆகிவிடும். அதிவேகத் தண்ணீர்க் குழாய் இருந்தால் சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகிய இடங்களில் நேராக அடிக்காதீர்கள். கிரீஸ் போய் உள்ளே தண்ணீர் இறங்கும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் பேடை ஒரு தடவை பாருங்கள். மணற்சேற்றில் புது பேடே ஒரே பந்தயத்தில் தேய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் அடிப்பாகம் பிரிந்துவிடும். இரவு ஒரு தடவை தாளை மாற்றுங்கள். கணுக்கால் சிப்பைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று காலைத் தடவிப் பாருங்கள். பாதி நாள் அது வீட்டுக்கே வந்துவிடும்.